மாதிரி இல்லாத சிறு பாகங்களை அளவெடுத்துச் செய்வது: பெடல் போல்ட், வீல் ஸ்பேசர், ஸ்பிரிங்

ஒற்றை_சிலிண்டர்:

வண்டி 1950-களின் பிரிட்டிஷ் 350 சிசி சிங்கிள். மூன்று சில்லறைப் பாகங்கள் இல்லவே இல்லை: பிரேக் பெடல் சுழலும் தோள் போல்ட் (மரைக்கு மேலே தடித்த வழுவழுப்பான பகுதி உள்ளது), முன்சக்கரத்தின் வலப்பக்க ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் வளையம்), பெடலைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங். பழைய பாகம் கையில் இல்லாதபோது லேத்தில் கடையும் டர்னரிடம் எந்த அளவைக் கொடுப்பது?

பெடல் துளை வெர்னியரில் 12.75 முதல் 13.1 மி.மீ. வரை இடத்துக்கு இடம் மாறுகிறது. போல்ட் ஏறும் பிராக்கெட்டின் மரையில் சாதாரண எம்8 (8 மி.மீ. மெட்ரிக்) போல்ட் ஒன்றரைச் சுற்று போய் இறுகிவிடுகிறது. எம்8 டாப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) ஓட்டிவிடலாமா?

லேத்மேசை:

டாப்பைத் தொடாதீர்கள். அந்த மரை மட்டும்தான் இப்போது உங்களிடம் இருக்கும் மூல அளவு. அதை வெட்டிவிட்டால் திரும்பக் கிடைக்காது.

அந்தக் கால பிரிட்டிஷ் வண்டி என்பதால் அது பெரும்பாலும் இரண்டரை நூல் (ஒரு நூல் என்பது 1/8 அங்குலம்), அதாவது 5/16 அங்குலம், 7.94 மி.மீ. எம்8 தொடங்கிவிட்டு நிற்பது அதனால்தான். ஆனால் 5/16-இலேயே பல வகை உண்டு, இங்கே இருக்க வாய்ப்புள்ளவை இரண்டு. பிரிட்டிஷ் நுண்மரையான பி.எஸ்.எஃப். என்றால் அங்குலத்துக்கு 22 மரை, கோணம் 55 டிகிரி. சைக்கிள் மரை எனப்படும் சி.இ.ஐ. என்றால் 26 மரை, 60 டிகிரி. எது என்று கண்டுபிடிக்க, துளையை மண்ணெண்ணெயும் பித்தளை பிரஷ்ஷும் போட்டு சுத்தம் செய்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் இரு-பகுதி சிலிக்கோன் மாவை உள்ளே அழுத்துங்கள். இறுகியதும் திருகி வெளியே எடுங்கள். வெளியே வரும் அச்சில் ஒரு மரையை அளக்கக் கூடாது. பத்து இடைவெளியைச் சேர்த்து அளந்து பத்தால் வகுக்க வேண்டும். பத்துக்கும் சேர்த்து 9.77 மி.மீ. வந்தால் அங்குலத்துக்கு 26 மரை. 11.55 வந்தால் 22.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எம்8 ஃபைன், அதாவது 1.0 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி), 5/16 சி.இ.ஐ.க்கு மிக அருகில் வரும். கோணமும் அதே 60. பத்து மரைக்கு 10.0 எதிர் 9.77, வித்தியாசம் வெறும் 0.23 மி.மீ. முதல் சில மரை இதமாக ஏறும், "பொருந்திவிட்டது" என்று தோன்றும். உள்ளே போகப் போக அந்த வித்தியாசம் கூடி, சுமை முழுவதும் இரண்டு மூன்று மரையில் விழும். பிரேக் பெடலில் அப்படி விடவே கூடாது.

கால் அங்குல போல்ட்களுக்கு இந்த வழி மட்டும் போதாது. 1/4 பி.எஸ்.எஃப்., 1/4 சி.இ.ஐ. இரண்டுமே 26 மரைதான். கோணம் மட்டுமே வேறு. அங்கே 55, 60 இரண்டு பிட்ச் கேஜையும் (மரை வடிவப் பல் வெட்டிய தகடு) அச்சின்மேல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே லென்ஸில் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டரைநூல்:

மரை பற்றி மேலே சொன்னதை வழிமொழிகிறேன். தோள் விட்டத்துக்கு வருகிறேன்.

தேய்ந்த துளையைச் சராசரி போடாதீர்கள். பெடல் துளை இரு முனைகளிலும் வாய் அகன்று, நடுவில்தான் குறைவாகத் தேய்ந்திருக்கும். நடுப்பகுதியை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளங்கள். வெர்னியரின் உள்தாடைக்குத் தட்டையான விளிம்பு இருப்பதால் சிறு துளையை அது எப்போதும் குறைத்தே காட்டும். டெலஸ்கோப்பிக் கேஜை உள்ளே பூட்டி எடுத்து, அதை மைக்ரோமீட்டரில் அளப்பதுதான் நம்பகமானது.

கிடைக்கும் சிறிய எண்ணை அங்குலப் பின்னத்தோடு ஒப்பிடுங்கள். 12.75 என்றால் மூல அளவு அரை அங்குலம், 12.70. துளை 13.1 வரை போய்விட்டதால் போல்ட்டைத் தடிமனாக்கி ஒப்பேற்ற வேண்டாம். முட்டைவடிவத் துளையில் உருண்டை போல்ட் என்றைக்கும் ஆடும். துளையை 16 மி.மீ.க்கு போர் செய்து, 0.02 கூடுதலான பாஸ்பர் வெண்கல புஷ் (உள்குழாய்) அழுத்தி, அழுத்திய பிறகு 12.70-க்கு ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் கருவி) விடுங்கள். முன்பே ரீமர் விட்டால் அழுத்தும்போது புஷ் சுருங்கி போல்ட் நுழையாது. போர் செய்யும் முன் பெடல் பாஸின், அதாவது துளையைச் சுற்றிய தடிப்பின், சுவர் எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள், 3 மி.மீ.க்குக் குறைந்தால் புஷ்ஷின் வெளிவிட்டத்தைக் குறையுங்கள்.

டர்னருக்குக் கொடுக்கும் தாளில் இவை இருக்கட்டும். தோள் விட்டம் 12.65. தோள் நீளம், புஷ் நீளத்தோடு வாஷரும் சேர்த்து 0.15 கூடுதல், இது சமமாக இருந்தால் போல்ட்டை இறுக்கியதும் பெடல் பிடித்துக்கொள்ளும். தோள் முடிந்து மரை தொடங்கும் இடத்தில் 1.5 மி.மீ. அகல அண்டர்கட் (சுற்றுப் பள்ளம்), மூலையில் 0.5 ஆரம். கூர்மூலை விட்டால் போல்ட் அங்கேதான் விரிசல் விடும். அந்த ஆரம் உட்கார பிராக்கெட் துளையின் வாயில் சிறு சேம்பர் (சாய்வான விளிம்பு) வேண்டும், இல்லையென்றால் தோள் முகம் படியாது. தலையை 18.03 மி.மீ., அதாவது 0.710 அங்குல அறுகோணமாக வைத்தால் 3/8 விட்வொர்த் ஸ்பேனர் ஏறும். இரும்பு ஈஎன்16டி என்ற வலுவான அலாய் ஸ்டீல். ஸ்டெயின்லெஸ் பளபளக்கும், ஆனால் மரை ஒட்டிப் பிடிக்கும் பழக்கம் உண்டு. பிரேக்கில் நான் போடமாட்டேன்.

ஸ்பேசர்: ஹப்பை பேரிங்கோடு ஃபோர்க்கில் மாட்டி, டிரம் தட்டைச் சரியாக அமர்த்தி, ஸ்பிண்டில் (சக்கரத்தின் அச்சுத் தண்டு) கையால் நுழையும் நிலையில் மிச்ச இடைவெளியை அளங்கள். வாஷர்களை அடுக்கி, கடைசி மிச்சத்துக்கு ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) விட்டால் போதும். அரை மி.மீ. நீளமாகக் கடையச் சொல்லி, மாட்டிப் பார்த்து முகத்தைக் கடைந்து குறையுங்கள். இரு முகமும் 0.02-க்குள் இணையாக இருக்க வேண்டும். ஸ்பேசர் பேரிங்கின் உள்வளையத்தை மட்டும் தொடட்டும். வெளிவளையத்தையோ சீலையோ தொட்டால் சக்கரம் சுற்றும்போது உரசும்.

ஒற்றை_சிலிண்டர்:

அச்செடுத்தேன். பத்து மரைக்கு 9.8, அதுவும் 60 டிகிரி கேஜில் வெளிச்சம் தெரியாமல் உட்கார்கிறது. ஆக, சி.இ.ஐ. 26. ஸ்பேசர் இடைவெளி 21.4.

ஸ்பிரிங் விஷயம் பாக்கி. ஓய்வில் கொக்கிக்குக் கொக்கி 70 மி.மீ., முழுக்க மிதித்தால் 95. முலாம் பூசலாமா என்பதும் தெரிய வேண்டும்.

சுருள்கம்பி:

21.4-ஐ எழுதி வைக்கும் முன் ஹப்புக்குள் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமலோ குட்டையாகவோ இருந்தால் ஸ்பிண்டிலை இறுக்கும்போது உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நகரும். பேரிங் சூடாகிக் கெடும், நீங்கள் அளந்த இடைவெளியும் மாறும்.

ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். சுருளின் நடுவிட்டத்தின் மூன்றாம் படிக்கும் சுருள் எண்ணிக்கைக்கும் எதிர்விகிதம். அதனால் "கொஞ்சம் தடிமனாகவே சுற்றுவோம்" என்பது இங்கே செல்லாது. மற்ற அளவு அப்படியே இருக்க, 16 எஸ்.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிமனுக்கான பிரிட்டிஷ் எண், 1.63 மி.மீ.) கம்பிக்குப் பதில் 14 (2.03) போட்டால் விறைப்பு 2.4 மடங்கு.

உங்கள் இடத்துக்கு 16 கம்பி, நடுவிட்டம் 14, வேலை செய்யும் சுருள் 18, கொக்கிகளின் உட்பக்கம் 56 நீளம் என்று தொடங்கலாம். ஒரு மி.மீ.க்குச் சுமார் 1.4 நியூட்டன். ஓய்வில் 14 மி.மீ. இழுபட்டு 20 நியூட்டன், முழு மிதியில் 55. நெருக்கமாகச் சுற்றும்போது ஏறும் முன்இழுவிசை இதற்கு மேல் கொஞ்சம் சேரும். ஓய்விலேயே இழுபட்டிருப்பது முக்கியம், இல்லாவிட்டால் பெடல் குலுங்கி பிரேக் கட்டைகள் டிரம்மில் உரசும். பியானோ கம்பி விட்டதும் விரியும், எனவே உள்விட்டம் 12.4 வேண்டுமென்றால் 10.5 முதல் 11 மி.மீ. உருண்டைத் தண்டின்மேல் ஒரு சோதனைச் சுருள் சுற்றி அளந்து பாருங்கள். கொக்கி வளைத்த பின் 250 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் உள்தகைவு தணியும்.

முலாம்: ஸ்பிரிங்குக்கு மின்முலாம் வேண்டாம். அமிலத் தொட்டியில் ஹைட்ரஜன் ஏறி, கொக்கி வளைவில் திடீரென்று முறியும். கருப்பு பெயின்ட் போதும். போல்ட்டுக்கு 8 மைக்ரான் துத்தநாகம் பூசலாம், ஆனால் கணக்கில் எடுங்கள்: தோள் விட்டம் 0.016 கூடும், 60 டிகிரி மரையின் பிட்ச் விட்டமோ (மரைப் பல்லின் நடு உயரத்தில் அளக்கும் விட்டம்) பூச்சைப் போல நான்கு மடங்கு, 0.032 கூடும். டை-யை, அதாவது போல்ட்டில் மரை வெட்டும் கருவியை, அந்த அளவு இறுக்கி வெட்டச் சொல்லுங்கள். முலாமுக்கு அனுப்பும் முன் பிராக்கெட்டில் கையால் ஏற்றி, சற்றே தளர்வாகப் போகிறதா என்று பாருங்கள்.