பதில்: வெப்காமிக் ‘ஆர்ட் எவல்யூஷன்’ - தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு நாளா ஊர்ல இல்ல, இப்பதான் மொத்த இழையும் படிச்சு முடிச்சேன். வெப்காமிக், அதாவது நெட்ல தொடரா வர்ற படக்கதை, வருஷக்கணக்கா போகப் போக வரையிற விதம் மாறிக்கிட்டே வர்றதுக்கு இங்கிலீஷ்ல ‘ஆர்ட் எவல்யூஷன்’ங்கிறாங்க, அதுக்குத்தான் தமிழ்ச் சொல் தேடுறோம். ‘பஃபர்’க்கு, அதாவது முன்கூட்டியே வரைஞ்சு வெச்சிருக்கிற பக்கங்களுக்கு, ‘கையிருப்பு’ன்னு சண்டையே இல்லாம முடிவானது நம்ம குழுவுல அதிசயம்தான். ஷ்லாக் மெர்சினரிங்கிற வெப்காமிக்க வரைஞ்ச ஹோவர்ட் டெய்லர் 2000 ஜூன்ல ஆரம்பிச்சு 2020 ஜூலை வரைக்கும் ஒரு நாள்கூட விடாம போட்டார், கையிருப்பு இல்லாம நடக்கிற காரியமா அது.

சரி, விஷயத்துக்கு வரேன்.

> ஓவியப் பரிணாமம்னே வெச்சுடலாமே, எவல்யூஷன்னா பரிணாமம்தானே?

ஐயா, எனக்கு இதுல ஒப்புதல் இல்ல. பரிணாமம்னு சொன்னா பழசு போய் அந்த இடத்துல புதுசு நிக்குதுன்னு ஒரு நினைப்பு வரும். வெப்காமிக்ல பழசு எங்கயும் போகல. முதல் பக்கம் அதே லிங்க்ல அப்படியே கெடக்கு, இன்னைக்கு புதுசா வர்றவரும் அங்க இருந்துதான் ஆரம்பிக்கிறார், வரைஞ்சவருக்கு பத்து வருஷம் புடிச்ச மாற்றத்த இவர் ஒரு வார லீவுல உக்காந்து பாத்துடுறார். நாம பேர் வைக்க வேண்டியது இந்த அனுபவத்துக்குதான்னு நினைக்கிறேன்.

கன்னர்க்ரிக் கோர்ட்ங்கிற வெப்காமிக்க எடுத்துக்குங்க. டாம் சிடெல் 2005ல ஆரம்பிச்சது. முதல் அத்தியாயத்துல அந்தப் பொண்ணு ஆன்டிமனிக்கு தலை பெருசு, உடம்பு சின்னது, காலுக்கு கீழ பாதம்னு ஒண்ணு இருக்கா இல்ல ஆப்பு மாதிரி செதுக்கி விட்டிருக்கான்னே தெரியாது, கலர் எல்லாம் மங்கல். நான் முதல்ல படிச்சப்ப பத்து பக்கத்துல மூடிட்டேன். அப்புறம் ஒரு மழை நாள்ல கரண்ட் போய் போன்ல வேற ஒண்ணும் இல்லாம திரும்ப எடுத்து படிச்சா, சில நூறு பக்கம் தாண்டி திடீர்னு உறைக்குது, அதே பொண்ணோட கையும் கண்ணும் பேசுது, காட்டுக்குள்ள வெளிச்சம் விழுறது நிஜமா விழுது. எந்தப் பக்கத்துல மாறுச்சுன்னு தேடிப் போனா விரல் வெச்சு காட்ட முடியல! வீட்டுல புள்ள வளர்றது நமக்கு தெரியாம ஊர்ல இருந்து வர்ற அத்தை ‘என்னடா இவ்ளோ ஒசந்துட்டான்’னு கேக்கும்ல, அது மாதிரி.

> சித்திரமும் கைப்பழக்கம்னு ஔவையே சொல்லிட்டாங்க, ‘கைப்பழக்கம்’ போதாதா?

இது எனக்கு ரொம்ப புடிச்சிருந்தது, ரெண்டு மணி நேரம் இதுக்கே ஓட்டு போடலாம்னு இருந்தேன். ஆனா பழக்கம்ங்கிறது வரையிறவர் செய்யிற வேலை, நமக்கு வேணும்கிறது அந்தப் பழக்கம் பக்கத்துல விட்டுட்டுப் போற அடையாளம். காரணத்தோட பேர காரியத்துக்கு வெச்ச மாதிரி ஆயிடும்.

மத்ததெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். ‘கைதேர்வு’ன்னா பரீட்சை ஞாபகம் வருது. ‘கைதேறல்’ நல்லாதான் இருக்கு, ஆனா சங்க இலக்கியத்துல தேறல்னா கள்ளு, புலவர்கள் சண்டைக்கு வருவாங்க இல்லன்னா பங்குக்கு வருவாங்க. ‘கைமாற்றம்’னா அண்ணாச்சி கடைல வாங்கின கைமாத்துக் கடன். கடைசியா எனக்கு நிக்கிறது ‘கைமுதிர்வு’. ஃபிக்ஸட் டெபாசிட் முதிர்வுத் தொகைன்னு யாராச்சும் கிண்டல் பண்ணுவீங்க, பரவாயில்ல, அதுவும் வருஷக்கணக்கா போட்டு வெச்சு சேர்றதுதானே.

இந்தச் சொல்ல சோதிச்சுப் பாக்க ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்ங்கிற வெப்காமிக்தான் சரியான ஆள். ரிச் பர்லூ 2003ல ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் குச்சி மனுஷங்கதான், வட்டத் தலை, கோட்டுக் கை, கோட்டுக் கால். இதுல என்ன கை முதிரும்னு கேப்பீங்க. ஆனா முதல் வருஷத்துப் பக்கத்தையும் பின்னாடி வந்த போர்க்களப் பக்கத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, அதே குச்சிதான், நிக்கிற நிலை, கூட்டத்த அடுக்குற விதம், பழங்கதை சொல்லும்போது மட்டும் கிரேயான்ல கிறுக்கின மாதிரி மாத்துறது எல்லாம் வேற லெவல். அப்ப முதிர்றது உருவத்தோட அழகு இல்ல, கைதான். அதனாலயே ‘ஓவிய’ன்னு ஆரம்பிக்கிற எந்தச் சொல்லும் இங்க நொண்டும்.

ஆனா இழைல யாரும் தொடாத ஒண்ணு இருக்கு, கதை. வரையிற கை மட்டும் தனியா முதிர்றது ரொம்ப அபூர்வம். ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்கோட முதல் ஸ்ட்ரிப் (ஒரு தடவை போடுற படத்தொகுப்பு) என்னன்னு பாருங்க, ஆளுக்கொரு பாத்திரமா ஆடுற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற கற்பனைச் சாகச விளையாட்டோட விதிமுறைப் புத்தகம் புது பதிப்பு வந்துடுச்சு, பாத்திரங்க எல்லாரும் சண்டைக்கு நடுவுலயே புது விதிக்கு மாறுறாங்க, அவ்ளோதான் ஜோக். அந்த விளையாட்டு ஆடாதவருக்கு சிரிப்பே வராது. அதே காமிக்ல சில வருஷம் கழிச்சு வார்சூவியஸ்ங்கிற மந்திரவாதி தன் குடும்பத்த காப்பாத்த ஒரு டிராகனோட ரத்த சம்பந்தம் மொத்தத்தையும் ஒரே மந்திரத்துல அழிச்சுடுறார், அப்ப படிக்கிறவங்களுக்கு அது ஒரு பயங்கரமான வெற்றி மாதிரி தெரியும், அதுக்கும் பின்னாடி வருஷக்கணக்கா போய் வேற ஒரு வேலையா ஒரு மனுஷக் குடும்பத்த தேடிப் போனா அத்தனை பேரும் செத்துக் கெடக்குறாங்க, ஏன்னா அவங்க உடம்புல கொஞ்சம் டிராகன் ரத்தம் ஓடிருக்கு. விதிமுறை ஜோக்ல ஆரம்பிச்ச ஆள் இங்க வந்து நிக்கிறார். (வார்சூவியஸ் ஆணா பொண்ணான்னு காமிக் இதுவரைக்கும் சொல்லல, இங்கிலீஷ்ல எழுதுறவங்க படுற பாடு நமக்கு இல்ல, ‘அவர்’ன்னு போட்டுட்டு போயிட்டே இருக்கலாம்.)

அதனால என் யோசனை ஒரு சொல் இல்ல, ஜோடி: கைமுதிர்வு, கதைமுதிர்வு. காதுக்கும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு.

> வளர்ச்சி, முன்னேற்றம்னு நேரா சொன்னா என்ன தம்பி?

அக்கா, முன்னேற்றம்னா நல்லதா ஆச்சுன்னு நாமே தீர்ப்பு எழுதின மாதிரி. குவெஸ்சனபிள் கன்டென்ட்ங்கிற வெப்காமிக் 2003ல இண்டி ராக் பாட்டு ஜோக்கும் ரூம்மேட் கதையுமா ஆரம்பிச்சது, இப்ப ஸ்ட்ரிப் எண்ணிக்கை 5,000த்த தாண்டிடுச்சு, ரோபோக்கள் வேலை தேடுறதும் காதலிக்கிறதும்தான் பாதி கதை. முகங்கள பாத்தா ரெண்டும் ஒரே ஆள் வரைஞ்சதுன்னு சத்தியம் பண்ணாதான் நம்புவீங்க. எனக்கு புடிச்சிருக்கு. ஆனா பழசுதான் நல்லாருந்ததுன்னு சொல்றவங்களும் உண்டு, அவங்களுக்கும் இந்தச் சொல் உதவணும். முதிர்வு ரெண்டு பக்கமும் வரும், மாம்பழமும் முதிர்ந்துதான் இனிக்குது, வெண்டைக்காயும் முத்திதான் குப்பைக்குப் போகுது.

சொற்பட்டியல்ல போட மாதிரி வாக்கியம்: ‘முதல் இருநூறு பக்கத்துல கைமுதிர்வு தெரியும், கதைமுதிர்வுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்.’

ஒண்ணு மட்டும் இதுல அடங்கல. பர்லூ ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்கோட ஆறாவது புத்தகம் ஆரம்பிக்கும்போது மெதுவா எல்லாம் மாத்தல, ஒரே தாவா பாத்திரங்கள புதுசா வரைஞ்சுட்டார். அத முதிர்வுன்னு சொல்ல மனசு வரல. பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி ‘சட்டையுரிப்பு’ன்னு வெக்கலாமான்னு ஒரு ஆசை, சிரிக்கிறவங்க சிரிச்சுட்டு வேற சொல்லு இருந்தா போடுங்க.