கலைச்சொல் உதவி: விழுந்தால் அடி குறைக்கும் நடைபாதைக்குப் பெயர் (வியாழன் மாலைக்குள்)

மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை:

மடற்குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். ஸ்வீடனின் ரைஸ் ஆய்வு நிறுவனமும் இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகமும் ஆராய்ந்துவரும் நடைபாதைப் பொருள் பற்றிய நான்கு பக்க விளக்கம் ஒன்று தமிழாக்கத்துக்கு வந்திருக்கிறது. பழைய டயர்களை அரைத்த ரப்பர் துகளைப் பிசினோடு கலந்து இடும் தளம். முதியவர் விழுந்தால் தலைக்கும் இடுப்புக்கும் போகும் அடியில் ஒரு பங்கைத் தளம் வாங்கிக்கொள்ளும். இப்போதைக்கு 'தாக்கம் உறிஞ்சும் நடைபாதை' என்று வைத்திருக்கிறேன். படிக்கப்போவது எழுபதைத் தாண்டியவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும். இதைவிட நல்ல சொல் தாருங்கள்.

சாலைப் பொறியாளர், திங்கள்:

'உறிஞ்சும்' வேண்டாம். சாலை வேலையில் உறிஞ்சப்படுவது தண்ணீர்தான். இந்தத் தளமும் நுண்துளை உள்ளது, மழைநீர் இதனுள் இறங்கும். ஆகவே குழப்பம் உறுதி. 'அதிர்வு' என்றும் போக வேண்டாம். அதிர்வு திரும்பத் திரும்ப வருவது, இயந்திரம் ஓடுவதுபோல. விழுகை ஒரே மோதல். தளம் சற்றே அமுங்குவதால் உடல் நிற்க எடுக்கும் நேரம் நீள்கிறது. நேரம் நீண்டால் உச்ச விசை குறைகிறது. அவ்வளவுதான் இதன் இயற்பியல். 'தாக்கத் தணிப்பு நடைபாதை' என்றால் பிழை வராது.

மதுரை நண்பர், திங்கள் இரவு:

பிழை வராது, உயிரும் வராது. 'மெத்தைத் தடம்' என்று வையுங்கள். மெத்தென இருப்பது மெத்தை. நம் மரபில் காலடி மென்மைக்கு உவமை தேடினால் குறள் 1120 இருக்கிறது: அனிச்சமும் அன்னத்தின் தூவியும். அதிலிருந்து 'தூவித்தடம்' என்றும் ஆக்கலாம். தூவி என்றால் இறகு. தூவுதல் என்ற வினையும் உள்ளே இருக்கிறது. ரப்பர் துகளைத் தூவித்தானே தளம் போடுகிறார்கள்?

சாலைப் பொறியாளர்:

தூவுவதில்லை ஐயா. கலவை இயந்திரத்தில் துகளையும் பாலியூரித்தேன் பிசினையும் சேர்த்துக் கிளறி, கொட்டி, கரண்டியால் மட்டம் செய்வார்கள். வழக்கமான ஈரடுக்குத் தளத்தில் கீழே கறுப்பு டயர்த் துகள், மேலே 10 முதல் 15 மில்லிமீட்டருக்கு ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரின் வண்ணத் துகள். பிசின் காற்றின் ஈரத்தில் இறுகும். போடும்போது மழை பிடித்தால் நுரைத்துக் கொப்பளிக்கும். பிசின் குறைந்தால் துகள் உதிரும், உதிர்ந்த இடத்தில் பள்ளம், பள்ளத்தில் கால் தடுக்கும்.

தஞ்சை, செவ்வாய்:

குறளை முழுக்கப் படியுங்கள் ஐயா. அங்கே அனிச்சமும் தூவியும் அவள் அடிக்கு நெருஞ்சிப் பழம். மென்மையே குத்துகிறது என்கிறார். உங்களுக்கே எதிர்சாட்சி.

மெத்தைக்கும் தடை உண்டு. எங்கள் பக்கம் மெத்தை என்றால் மாடி. மெத்தை வீடு என்றால் மாடி வீடு. 'மெத்தைத் தடம்' என்று பலகை வைத்தால் கிழவர்கள் படிக்கட்டைத் தேடுவார்கள்.

எளிமையாக 'விழாத்தடம்' போதாதா?

இயன்முறை மருத்துவர், செவ்வாய்:

'விழாத்தடம்' என்றதும் எனக்குத் தேரோட்டமும் தோரணமும்தான் தெரிந்தன. அது போகட்டும். இந்தப் பாதை விழுவதைத் தடுப்பதில்லை. வழுக்காமல் இருப்பது மேற்பரப்பின் சொரசொரப்பு, அது வேறு பண்பு. இதன் வேலை விழுந்த பிறகு. 'விழாத' என்று பெயரில் எழுதினால் கைத்தடியை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள்.

'மெத்தை'யும் அதே காரணத்துக்காக எனக்குப் பிடிக்கவில்லை. தளம் மிக மென்மையானால் கணுக்கால் ஆடும், பாதம் சரியாக எழும்பாது, தடுக்கும். நான்கு கால் நடைசட்டகத்தின் முனைகள் அமுங்கும். சக்கர நாற்காலி தள்ளுபவருக்குக் கை வலிக்கும். காலின் அழுத்தத்துக்கு விறைப்பாகவும் இடுப்பின் மோதலுக்கு இளகியும் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. 'மெத்தை' முதல் பாதியைப் பொய்யாக்குகிறது.

யாழ்ப்பாணம், செவ்வாய் இரவு:

இவ்வளவு சுற்றுவான் ஏன்? பொருளைச் சொல்லுங்கோ: 'இறப்பர் நடைபாதை'. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

மதுரை:

முதியோருக்கான கையேட்டின் அட்டையில் 'இறப்பர்' என்று அச்சடிப்பதா? 'முதியோர் இறப்பர் நடைபாதை.' ஐயா, இதைவிட நேர்மையான எச்சரிக்கைப் பலகை உலகில் கிடையாது.

யாழ்ப்பாணம்:

எங்கட பாடப்புத்தகத்தில் அப்பிடித்தான் எழுத்துக்கூட்டல். ரகரம் மொழிக்கு முதலில் வராது என்று நீங்கள்தானே போன மாதம் நாலு மடல் எழுதினீர்கள்? அப்ப 'இரப்பர்' என்று எழுதலாமோ? அது பிச்சை எடுப்பர் என்றாகும்.

சாலைப் பொறியாளர்:

எழுத்துக்கூட்டலை விடுங்கள். 'ரப்பர்' என்ற பெயரே பொருந்தாது. ஓட்டப்பாதையும் ரப்பர்தான், சாதாரண நிலக்கீலில் சிறிதளவு டயர்த் தூள் கலந்தால் அதுவும் ரப்பர்ச் சாலைதான். அதன் மேல் விழுந்தால் இடுப்பு உடையத்தான் செய்யும். எதனால் ஆனது என்பதல்ல, எவ்வளவு தடிப்பு, எவ்வளவு அமுங்குகிறது என்பதே கணக்கு. குழந்தைகள் விளையாட்டுத்திடலுக்கு ஈ.என். 1177 என்ற ஐரோப்பியத் தரம் இருக்கிறது. உலோகத் தலைவடிவத்தைக் கீழே போட்டு எச்.ஐ.சி. என்ற தலைக்காய அளவை எடுப்பார்கள். 1000ஐத் தாண்டக் கூடாது. அது தலைக்கு மட்டும். முதியவருக்குப் பக்கவாட்டு விழுகையில் தொடை எலும்பின் கழுத்து முறிவதுதான் பெரிய பயம்; அதை அந்தச் சோதனை அளப்பதில்லை. ஆக விளையாட்டுத்திடல் தளத்தை அப்படியே எடுத்துப் போட்டு இந்தப் பெயரை வைத்துவிட முடியாது.

தஞ்சை, புதன் காலை:

அப்படியானால் 'அடிதாங்கி'. இடிதாங்கி, சுமைதாங்கி என்று ஊரறிந்த வரிசை இருக்கிறது. இடி விழுவதை இடிதாங்கி தடுப்பதில்லை, விழுந்தால் வாங்கிக்கொள்கிறது. மருத்துவர் கேட்ட பொருள் அப்படியே வருகிறது. இரண்டாம் வேற்றுமைத் தொகை, வலி மிகாது, 'அடித்தாங்கி' என்று யாரும் எழுத வேண்டாம். கூடவே அடி என்றால் பாதம், அடி என்றால் கீழ். மூன்று பொருளும் தளத்துக்குப் பொருந்தும்.

மதுரை:

சிலேடை கவிக்கு அழகு. கலைச்சொல்லுக்கு நோய்.

(மெத்தையைவிட நல்ல சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டதாக யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.)

யாழ்ப்பாணம்:

எங்களுக்குத் தாங்கி என்றால் தண்ணித் தாங்கி, இல்லாட்டி போர்த் தாங்கி. பாதையில் தாங்கி என்றால் சனம் ஓடும்.

சாலைப் பொறியாளர்:

'தணிதளம்' என்று சுருக்கினால்?

மதுரை:

வினைத்தொகை. தணிந்த தளம், தணிகின்ற தளம். தானே தாழ்ந்துபோன தரை என்றுதான் படும்.

சாலைப் பொறியாளர்:

சில இடங்களில் அது உண்மையும்கூட. விளிம்பில்தான் இவை முதலில் கெடும். பழைய கான்கிரீட்டோடு சேரும் கோட்டில் பிசின் விட்டு, ஓரம் சுருண்டு மேலெழும். அடி குறைக்கப் போட்ட தளமே தடுக்கிவிடும். அதனால் ஓரத்தைச் செங்குத்தாக நிறுத்தாமல் பள்ளம் வெட்டி, பக்கத்துத் தரையோடு ஒரே மட்டமாக இறக்க வேண்டும். துளைகளில் மண் அடைத்தால் தளம் இறுகும், பாசியும் பிடிக்கும். வெயிலில் பிசின் மூப்படையும். ஸ்வீடன் போன்ற குளிர் நாட்டில் ரப்பர் விறைக்கும், பனி வழிக்கும் இரும்புத் தகடு மேலடுக்கைக் கிழிக்கும். முதல் நாள் இருந்த மென்மை சில ஆண்டுகளில் இருக்காது, மறுபடி அளக்க வேண்டும். எந்தப் பெயர் வைத்தாலும் இந்தப் பத்தியைக் கையேட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர், புதன் இரவு:

மூன்று நாளில் எட்டுச் சொல், ஒன்பது சண்டை. யாழ்ப்பாணத்து நண்பரின் தடை 'தாங்கி' என்ற பெயர்ச்சொல்லுக்குத்தான், பெயரெச்சமாக்கினால் தீருமா? 'அடிதாங்கும் நடைபாதை'?

யாழ்ப்பாணம்:

அது விளங்கும்.

இயன்முறை மருத்துவர்:

கேட்டவுடன் 'எல்லாப் பாதையும்தானே அடியைத் தாங்குகிறது' என்று ஒருவராவது சொல்வார். இருந்தாலும் சரி. ஆனால் பெயருக்குக் கீழே முதல் வரி இப்படி இருக்கட்டும்: 'இந்தப் பாதையிலும் விழக்கூடும்; விழுந்தால் காயம் குறையலாம். கைத்தடியை விடாதீர்கள்.'

சாலைப் பொறியாளர்:

மக்களுக்கு 'அடிதாங்கும்' போகட்டும். அளவுகள் வரும் அட்டவணையில் 'தாக்கத் தணிப்பு' என்றே வேண்டும். 'அடி' என்பது நீள அளவும்தான். '3 அடி அடிதாங்கும் நடைபாதை' என்று எந்த ஒப்பந்தப்புள்ளியில் எழுதுவது?

மொழிபெயர்ப்பாளர், வியாழன் மதியம்:

தலைப்பில் 'அடிதாங்கும் நடைபாதை', அட்டவணையில் 'தாக்கத் தணிப்பு'. அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

மதுரை, வியாழன் இரவு:

அட்டவணைக்கும் தலைப்புக்கும் வேறு வேறு சொல் என்பது கலைச்சொல்லாக்கமே அல்ல. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அது இருக்கட்டும், பொறியாளர் சொன்ன சுருண்டெழும் ஓரத்துக்கு என்ன பெயர்? 'மடலோரம்' என்று ஒன்று தோன்றுகிறது. வாழை மடல் காய்ந்தால் அப்படித்தான் சுருளும்.

தஞ்சை:

மடல் என்றால் நாம் எழுதும் மடலும்தானே?