ரீவைண்டிங் கடைக்குப் பெயர் மாற்றலாமா? அப்பா வேண்டாம் என்கிறார்

உடுமலைக்காரன்:
வணக்கம். உடுமலையில் எங்களுக்கு ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை, எரிந்த மோட்டாருக்குப் புதுசாகக் காயில் கட்டுகிற வேலை. அப்பா 1994-ல் போட்டது. குலசாமி பெயர், அதன் வாலாக 'ரீவைண்டிங் ஒர்க்ஸ்'. முழுப்பெயர் இங்கே வேண்டாம். குடிமங்கலம், பெதப்பம்பட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் போர்வெல் மோட்டார் எரிந்தால் டெம்போவில் போட்டுக்கொண்டு நேராக இங்கேதான் வருவார்கள். லோ வோல்டேஜ் இருக்கிற வரைக்கும் நமக்குச் சோறு உண்டு என்பார் அப்பா.

நான் ஏசி மெக்கானிக் படிப்பு முடித்து 2018-ல் கடைக்கு வந்தேன். இப்போது ஏசி சர்வீஸ், இன்வெர்ட்டர், கேமரா மாட்டுவது எல்லாம் உண்டு. வரவில் பாதிக்கு மேல் ஏசிதான். போர்டில் அந்தப் பேச்சே இல்லை.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் 11 ஏசிக்கு வருஷப் பராமரிப்புக் கொட்டேஷன் கேட்டார்கள். லெட்டர்ஹெட்டில் கொடுத்தேன். ஆபீசில் இருந்தவர் கடைப் பெயரை விரலால் தொட்டுக் காட்டி, "தம்பி, இது காயில் கட்டற கடையாச்சே, ஏசிக்கு வெளியிலிருந்து ஆள் கூட்டிட்டு வருவீங்களா?" என்றார். நான்தான் அந்த ஆள். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. விலையும் காரணமாக இருக்கலாம்.

'கூலிங் சொல்யூஷன்ஸ்' என்று மாற்றிவிடலாமா? அதோடு கடையையும் என் பெயருக்கு எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணம். அப்பா சொல்வது: "கூலிங்னு போட்டா, மோட்டார் கொண்டு வர்றவன் ஜூஸ் கடைன்னு நெனச்சுப் போயிருவான்."

கணக்கு எழுதுகிறவன்:
தம்பி, இரண்டையும் ஒன்றாகச் செய்யாதீர்கள். தனி ஆள் கடையில் பான் கார்டு உங்கள் அப்பாவுடையது. கடைப் பெயர் மட்டும் மாறினால் அதே ஜி.எஸ்.டி. எண்ணிலேயே திருத்திக்கொள்ளலாம், மாற்றிய 15 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் மாறினால் பான் மாறும், அப்போது புதுப் பதிவுதான்.

அடுத்தது பாங்க். நடப்புக் கணக்கு பழைய பெயரில் இருக்கும்போது புதுப் பெயரில் பில் போட்டால், பள்ளிக்கூடம் அந்தப் பெயருக்கே செக் எழுதும். அதை எங்கே போடுவீர்கள்? முதலில் ஜி.எஸ்.டி. சான்றிதழ், அப்புறம் பாங்க், கடைசியில்தான் பில் புக். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவை அரசுத் தளத்திலேயே காசில்லாமல் திருத்தலாம். பணம் கேட்கிற தளம் எதுவும் அரசுடையதில்லை. பெயரை மாற்றாவிட்டாலும் சரி, ஏசி சர்வீஸை ஜி.எஸ்.டி. பதிவில் சேர்த்தீர்களா? அதைப் பாருங்கள் முதலில்.

ஈரோடு தையல் அக்கா:
நான் பட்டதைச் சொல்கிறேன். 'டெய்லர்ஸ்' என்றிருந்ததை 2021-ல் 'டிசைனர் பொட்டிக்' ஆக்கினேன். ஆரி வேலை, கல்யாண ப்ளவுஸ் எல்லாம் செய்ய ஆரம்பித்திருந்தேன். ஒரு நாள் கழுத்தில் டேப்போடு குனிந்து துணி வெட்டிக்கொண்டிருக்கிறேன். வாசலில் ஒரு அம்மா, பத்து வருஷமாகப் பிள்ளைக்கு யூனிபார்ம் தைக்கக் கொடுத்தவர், "ஏங்க, இங்க முன்னாடி தெச்சிட்டிருந்தவங்க எங்க போய்ட்டாங்க?" என்று என் முதுகைப் பார்த்துக் கேட்கிறார்! கல்யாண ஆர்டர் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஜூன் மாத யூனிபார்ம் கூட்டம் அந்த வருஷம் பாதிதான். கண்ணாடிக் கதவும் போட்டிருந்தேன், அதுவும் பயமுறுத்தியிருக்கும்.

போர்டு எழுதுகிறவர்:
நான் வாலை மட்டும் வெட்டச் சொல்வேன். சனங்கள் கூப்பிடுவது சாமி பெயரைத்தானே? கோவையில் லட்சுமி மெஷின் ஒர்க்ஸை ஊரே எல்.எம்.டபிள்யூ. என்றுதான் சொல்லும், கம்பெனியும் 2024-ல் அதையே பெயராக்கிக்கொண்டது. நீங்களும் சாமி பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே 'மோட்டார் ரீவைண்டிங் – ஏசி – இன்வெர்ட்டர் – கேமரா' என்று ஒரு வரி விடுங்கள். நாளைக்குச் சோலார் வந்தால் அந்த வரியை மட்டும் மாற்றினால் போதும். இங்கிலீஷும் போடுவீர்கள் என்றால் தமிழ்தான் முதலில், அளவிலும் பெரிதாக இருக்கணும். தமிழ், இங்கிலீஷ், மற்றது 5:3:2 என்பது நம் மாநில விதி. முழுக்க இங்கிலீஷில் எழுதச் சொல்லிவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு என்னிடம் வருகிறவர்கள் நிறைய.

உடுமலைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். வார்னிஷ் தடவிக்கொண்டே, "கண்ணாடிக் கதவு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் பதில்.

கூலிங்கை விட்டுவிட்டேன். சாமி பெயர் நிற்கும், பின்னால் 'எலக்ட்ரிகல்ஸ்'. வாலை முழுசாக வெட்ட மனசு வரவில்லை, வெறும் சாமி பெயரென்றால் பூஜை சாமான் கடை மாதிரி இருக்கிறது. கடை அப்பா பெயரிலேயே இருக்கட்டும். கணக்கு அண்ணா, ஏசி சர்வீஸை நான் சேர்க்கவே இல்லை. திங்கட்கிழமை அந்த வேலைதான்.

ஒன்று மட்டும் பாக்கி: கீழ் வரியில் ஏசியை முதலில் போடணும் என்கிறேன் நான், ரீவைண்டிங்தான் முதலில் என்கிறார் அவர். போர்டு அண்ணா, இரண்டு வரியாக எழுத இடம் இருக்குமா? பலகை 12 அடிக்கு 3 அடி.