கியூ6600 பிராசசரின் வேகத்தை ஏற்ற: 400×8 வைக்கலாமா, 356×9 வைக்கலாமா? கேம் நடுவில் நீலத்திரை

குளச்சல்_கடற்கரை:
மார்த்தாண்டத்தில் ஒரு பழைய கேமிங் கம்ப்யூட்டரை செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். பிராசசர் இன்டெல் கோர் 2 குவாட் கியூ6600, இன்டெல் பி35 சிப்செட் உள்ள போர்டு, டிடிஆர்2-800 ரேம் இரண்டு குச்சி. ஒரிஜினல் வேகம் 266×9 (பஸ் வேகம் மெகாஹெர்ட்ஸில், பெருக்கல் மல்டிப்ளையர்), அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸ். ஆசை பெரிதாகி பஸ்ஸை 400 ஆக்கி 9-ஐ அப்படியே விட்டேன், 3.6 வர வேண்டியது, திரையே வரவில்லை, போர்டில் இருக்கிற நாணய பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகுதான் உயிர் வந்தது. அப்புறம் 400×8, அதாவது 3.2. விண்டோஸ் வருகிறது, ஆனால் கேமில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் நீலத்திரை. வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினேன், அதே கதை. சூடு 60 டிகிரியைத் தாண்டவில்லை. இன்னொன்று, சிபியு-இசட் என்ற மென்பொருளில் ரேம் வேகம் 480 என்று காட்டுகிறது, 800 ரேம் ஏன் இப்படி மெதுவாக ஓடுகிறது? அதையும் ஏற்ற வேண்டுமா? 356×9 போனாலும் அதே 3.2 தானே, எது நல்லது?

தக்கலை_ஸ்பேனர்:
தம்பி, 480 மெதுவானது இல்லை, உன் பிரச்சினையே அதுதான். டிடிஆர் ரேமில் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை டேட்டா போகும், அதனால் 480 என்றால் டிடிஆர்2-960. உன் ரேமுக்கு அங்கே 400 காட்டினால் போதும். அதே பக்கத்தில் எஃப்எஸ்பி:டிராம் (பஸ்ஸுக்கும் ரேமுக்கும் உள்ள விகிதம்) என்ற வரியைப் பார், 5:6 என்று இருக்கும். பஸ்ஸை ஏற்றினால், கயிற்றில் கட்டி இழுக்கிற வள்ளம் மாதிரி ரேமும் பின்னாலேயே வரும். நீ பிராசசர் மேல் பழியைப் போட்டு அதற்கு வோல்டேஜ் ஊற்றியிருக்கிறாய், முதலில் அதைப் பழையபடி இறக்கு. பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரை) ரேமை ஆட்டோவில் விடாதே, கையால் 1:1 வை, பஸ் 400, ரேம் 400. டைமிங், வோல்டேஜ் இரண்டும் ரேம் ஸ்டிக்கரில் உள்ளபடி. பிசிஐ எக்ஸ்பிரஸை (கிராபிக்ஸ் கார்டு மாட்டும் இணைப்பு) 100-இல் பூட்டு. முதலில் ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் ஓட்டு, அது சுத்தமாக வந்தால்தான் பிராசசரைப் பிழிந்து சோதிக்கிற பிரைம்95.

நாகர்கோவில்_நைட்கேமர்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் எனக்கு 400 பஸ் மேல் அவ்வளவு பிரியம் இல்லை. இன்டெல் கணக்கில் அது நான்கு மடங்கு, 1600 ஆகும், பி35-க்கு அவர்களே சொன்னது 1333 வரைதான். ஓடும், நிறைய பேர் ஓட்டியிருக்கிறார்கள், ஆனால் பாரம் நார்த்பிரிட்ஜ் (பிராசசரையும் ரேமையும் இணைக்கிற போர்டு சிப்) மேல் விழும், அந்தச் சூட்டை யாரும் பார்ப்பதில்லை. மக்கா, பஸ்ஸையும் பிராசசரையும் தனித்தனியாகச் சோதி. மல்டிப்ளையரை 6-க்கு இறக்கி பஸ்ஸை 400 வை, பிராசசர் அதே 2.4-இல்தான் இருக்கும், அப்போதும் தொங்கினால் தப்பு போர்டிலோ ரேமிலோ. அது தாங்கினால்தான் மல்டிப்ளையரை ஏற்று. 356×9 நல்லதுதான், 1:1-இல் ரேம் 712-க்கு இறங்கும், கேமில் அது தெரியவே தெரியாது. என்னைக் கேட்டால் 333×9, ரேம் 5:6. பிராசசர் 3.0, ரேம் கச்சிதமாக 800. 2007-இல் வந்த சிப் அது, 3.2 கொடுத்தாலும் கேமில் முதலில் மூச்சு வாங்குவது உன் கிராபிக்ஸ் கார்டாகத்தான் இருக்கும்.

முட்டம்காரன்:
கடலைப் பார்த்த வீடா? அப்படியென்றால் ஹீட்சிங்க்கைக் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் தூசி பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஊதினால் போகாது. நான் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத்தான் எடுத்தேன்.

குளச்சல்_கடற்கரை:
1:1 வைத்தேன், மெம்டெஸ்ட் இரண்டு சுற்று ஒரு பிழையும் இல்லை. 400×6 நின்றது, 400×8-உம் ஒரு மணிநேரம் பிரைம்95 தாங்கியது, ஆனால் நார்த்பிரிட்ஜில் விரல் வைத்தால் மூன்று எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருக்கிறது. ஹீட்சிங்க் நடுவில் முட்டம்காரன் சொன்ன அதே பசை, சாம்பல் நிறத்தில். இப்போதைக்கு 333×9, நேற்று ராத்திரி முழுக்க ஆடியும் நீலத்திரை வரவில்லை. ஜூன் மழை பிடிக்கட்டும், 400×8-ஐ இன்னொரு தடவை பார்க்கிறேன்.