மேஜர் சுந்தர்ராஜனுக்கு 'மேஜர்' தந்தது நாடகமா, படமா?

சபாக்காரர்: காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு. மேஜர் சுந்தர்ராஜன் ராணுவத்தில் மேஜராக இருந்துவிட்டு நடிக்க வந்தாராம். வயிற்றெரிச்சல்! கே. பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தில் கண் தெரியாத ஓய்வுபெற்ற மேஜராக நடித்தவர் அவர். அந்த வேஷம்தான் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2003-இல் இறக்கும்வரை கழலவே இல்லை.

டூரிங்டாக்கீஸ்: ராணுவக் கதை தப்பு, சரி. ஆனால் நாடகம் என்பது மெட்ராஸ்காரர் பெருமை. 1966-இல் ஏவி.எம். அதைப் படமாக எடுத்த பிறகுதான் ஊர் உலகத்துக்கு அவர் மேஜர். எங்கள் ஊரில் சபா ஏது? கீற்றுக்கொட்டகைதான்.

சபாக்காரர்: நாடகம். இந்தியில் 1965-லேயே 'ஊஞ்சே லோக்' என்று வந்துவிட்டது. மேஜர் வேஷத்தில் அசோக் குமார். அவரை யாராவது மேஜர் அசோக் குமார் என்றார்களா?

டூரிங்டாக்கீஸ்: 1943-இல் 'கிஸ்மத்' ஓடியபோதே அவர் பெரிய ஸ்டார். அவருக்கு எதற்கு ஐயா மேஜர்? வெண்ணிற ஆடை மூர்த்தி, வெண்ணிற ஆடை நிர்மலா இருவருக்கும் எந்த சபாவில் பெயர் வைத்தார்கள்?

சபாக்காரர்: அது படத்தின் பெயர், இது வேஷத்தின் பெயர். தேங்காய் சீனிவாசனுக்கும் 'கல் மணம்' நாடகத்தில் போட்ட தேங்காய் வியாபாரி வேஷம்தான். போன மாதம் அதையும் மறுத்தீர்கள். அப்புறம் அந்த இழையையே காணோம்.

டூரிங்டாக்கீஸ்: நான் அழிக்கவில்லை. உங்கள் வாய்க்குப் பயந்து நிர்வாகி பூட்டினார்.

ஒத்தரூபா: ஒரு சந்தேகம். சுந்தர்ராஜனா, சுந்தரராஜனா?

சபாக்காரர்: சுந்தரராஜன். இதுகூடத் தெரியாமல் பேச வந்துவிடுகிறார்கள்.

ஒத்தரூபா: முதல் பதிவில் நீங்களே சுந்தர்ராஜன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

சபாக்காரர்: கைபேசி செய்த வேலை. நாடகம்தான்.

நீலக்கண்ணாடி: எங்கள் கறுப்பு வெள்ளை டிவிக்கு முன்னால் நீலக் கண்ணாடி மாட்டியிருப்போம். 'அபூர்வ ராகங்கள்' ஓடியது. அதில் அவர் கமலுக்கு அப்பா. பாட்டி முறுக்கு மாவு ஒட்டிய கையோடு எட்டிப் பார்த்து, "மேஜர் வந்துட்டாரா?" என்றாள். கதையில் அவர் பெயர் என்ன என்று இன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. 'கல்தூண்' அவர் இயக்கிய படம் என்றால் நம்பக்கூட ஆளில்லை. பாவமாக இல்லையா?

டூரிங்டாக்கீஸ்: பாவம் என்ன? இங்கிலீஷில் ஒரு வரி, உடனே அதையே தமிழில் ஒரு வரி. கல்யாண மேடையில் மிமிக்ரிக்காரர் இன்றும் அவரை விடுவதில்லை. அதையெல்லாம் சபாவில் உட்கார்ந்தா கற்றுக்கொண்டார்கள்?

சபாக்காரர்: பேச்சு பாணி வேறு, பட்டம் வேறு. நாடகம்.

டூரிங்டாக்கீஸ்: சிவாஜி ராவுக்கு பாலசந்தர் வைத்த ரஜினிகாந்த் என்ற பெயர்? 'மேஜர் சந்திரகாந்த்' படத்தில் ஏவி.எம். ராஜன் ஏற்ற பாத்திரம்!

சபாக்காரர்: அந்தப் பாத்திரத்தை முதலில் எழுதியது எதற்கு? நாடகத்துக்கு. நான்காவது தடவை சொல்கிறேன்.

ஒத்தரூபா: ஐந்தாவது.

டூரிங்டாக்கீஸ்: அது கிடக்கட்டும். உங்கள் குடும்பக் குழுவில் அந்த ஃபார்வர்டு தப்பு என்று சொன்னீர்களா?

சபாக்காரர்: அனுப்பியவர் எங்கள் சம்பந்தி.