அயர்லாந்து அரசைப் போல நம் அரசும் அயல்நாட்டில் ஆடும் நம் பிள்ளைகளுக்கு உதவுமா?

கேள்வி (கடையநல்லூரிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி எட்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் கட்டடவேலை பார்த்துவருகிறான். வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் அவனுக்கு ஓய்வு. அந்த நாளில் புளியங்குடி, சங்கரன்கோவில், ஆலங்குளம் பக்கத்துப் பையன்கள் இருபது பேர் திடலில் கூடிக் கபடி ஆடுகிறார்கள். சென்ற மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தான். செருப்புகளை வரிசையாக வைத்து எல்லைக்கோடு ஆக்கியிருந்தார்கள். கீழே விரிக்கப் பாய் இல்லை. ஒருவனுக்கு முழங்கால் சிராய்த்து, கைக்குட்டையால் கட்டுப் போட்டிருந்தது.

பக்கத்துத் திடலில் அயர்லாந்துக்காரர்கள் பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் அவர்கள் நாட்டு ஆட்டத்தை ஆடுவார்களாம். அவர்களுக்குச் சீருடை இருக்கிறது, கம்பங்கள் இருக்கின்றன, சிறுவர்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பயிற்சி நடக்கிறது. பேச்சுக் கொடுத்தபோது, வெளிநாட்டில் இருக்கும் தங்கள் மக்களின் சங்கங்களுக்கு அயர்லாந்து அரசே உதவித்தொகை தரும் ஏற்பாடு உண்டு என்று சொன்னார்களாம். இது உண்மையா? தன் மண்ணில் ஆடாதவர்களுக்கு ஓர் அரசு ஏன் பணம் தரவேண்டும்? அப்படித் தருவது முறையென்றால், நம் அரசிடமும் கேட்க வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் தம்பிக்கு எழுதுவேன்.

பதில் (டப்ளினில் செவிலியராகப் பணிபுரிபவர், சொந்த ஊர் பாளையங்கோட்டை)

உண்மைதான் அண்ணாச்சி. இங்கே வெளியுறவுத் துறையின் கீழ் ‘புலம்பெயர்ந்தோர் ஆதரவுத் திட்டம்’ என்று ஒன்று 2004-ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. இலாப நோக்கமில்லாத அயர்லாந்துச் சங்கங்கள் ஆண்டுதோறும் விண்ணப்பித்து உதவித்தொகை பெறுகின்றன. இதுவரை 20 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். இதைத் தவிர, விளையாட்டுக்கென்றே வெளியுறவுத் துறையும், தம்பி பார்த்தது போன்ற அயர்லாந்தின் சொந்த ஆட்டங்களை (‘கேலிக்’ ஆட்டங்கள் என்பார்கள்) நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கமும் சேர்ந்து நடத்தும் ஒரு வளர்ச்சி நிதியும் இருக்கிறது.

ஆனால் நீங்கள் கேட்ட ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை விளையாட்டில் இல்லை. 1950-களில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் பேர் இந்தச் சிறிய நாட்டைவிட்டு வெளியேறினார்கள். பெரும்பாலோர் போனது இங்கிலாந்துக்கு. சாலை போட்டார்கள், சுரங்கம் தோண்டினார்கள், மருத்துவமனைகளில் வேலை பார்த்தார்கள், மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் ஊரில் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள், படித்தார்கள். அனுப்பியவர்களில் பலர் கடைசிவரை கல்யாணம் இல்லாமல், ஓர் ஒற்றை அறையில், கேட்க ஆளில்லாமல் முதுமை அடைந்தார்கள். அவர்கள் நிலையை ஆராய அமைத்த குழு 2002-இல் அறிக்கை தந்தது. திட்டம் அதிலிருந்து பிறந்ததுதான். அதனால்தான் இன்றும் முதல் கவனிப்பு முதியோருக்கும் நலிந்தோருக்கும் போகிறது. தொகையில் பெரும்பங்கு இங்கிலாந்தில் உள்ள நலச்சேவைகளுக்குச் செல்கிறது. 1998-இல் மக்கள் வாக்கெடுத்துத் திருத்திய அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவிலேயே, வெளிநாட்டில் வாழும் அயர்லாந்து வழிவந்தவர்களோடு தேசம் தனி உறவு போற்றுகிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

விளையாட்டுச் சங்கம் இதற்குள் வருவது எப்படியென்றால், புதிதாக ஒரு நகரத்தில் போய் இறங்கும் அயர்லாந்துப் பையன் முதலில் தேடுவதே அங்குள்ள கேலிக் சங்கத்தைத்தான். வாடகைக்கு அறை, வேலைக்கு ஒரு சொல், காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி கொண்டுவர ஓர் ஆள் எல்லாம் அந்தத் திடலில்தான் கிடைக்கும். 1884-இல் தர்ல்ஸ் ஊரில் தொடங்கிய அந்தச் சங்கத்துக்கு இன்று அயர்லாந்துக்கு வெளியே 400-க்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு. ஆடுபவர் யாருக்கும் சம்பளம் கிடையாது. டப்ளினில் 82,000 பேர் கூடும் குரோக் பார்க் திடலில் ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம் ஆடும் வீரர், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார்.

வெளிநாட்டுக் கிளைகளை அவர்கள் விருந்தாளிகளாக வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1947-இல் அகில அயர்லாந்துக் கேலிக் கால்பந்து இறுதியாட்டத்தையே நியூயார்க்கில் நடத்தினார்கள். கேவன் அணி கெர்ரியை வென்றது. இலண்டன், நியூயார்க் அணிகள் இன்றும் அயர்லாந்தின் கனாக்ட் மாகாணப் போட்டியில் ஆடுகின்றன. 2023-இல் நியூயார்க் அணி அந்த மாகாணத்து லீட்ரிம் அணியை வென்றது அந்தப் போட்டியில் அவர்கள் பெற்ற முதல் வெற்றி. அன்று நான் இரவுப்பணியில் இருந்தேன். லீட்ரிமைச் சேர்ந்த ஒரு முதிய நோயாளி, தன் ஊர் தோற்ற செய்தியைக் கேட்டுவிட்டு, “பரவாயில்லை, அதுவும் நம் பிள்ளைகள்தானே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சற்று நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பாளையங்கோட்டையில் இருக்கும் என் அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

பதில் (ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், அம்பாசமுத்திரம் வட்டாரம்)

செவிலியர் மகளின் விளக்கத்துக்கு நன்றி. இருந்தாலும் எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முப்பது ஆண்டுகள் கிராமத்துப் பள்ளிகளில் பிள்ளைகளை ஆடவைத்தவன் நான். ஆற்றுமணலைக் கொட்டி, அதில் கிளிஞ்சலும் கண்ணாடித்துண்டும் இருக்கிறதா என்று காலையில் கையால் துழாவிப் பார்த்த பிறகே பையன்களை இறக்குவேன். 13 மீட்டருக்கு 10 மீட்டர் பாய் என்பது அவர்கள் மாவட்டப் போட்டிக்குப் போன பிறகு முதன்முதலாகப் பார்க்கும் பொருள். மணலில் பழகிய கால் பாயில் வழுக்கும். அந்த ஒரு காரணத்தாலேயே தோற்றுவிட்டு அழுதுகொண்டு பேருந்தில் ஏறிய பையன்களை நான் கூட்டிவந்திருக்கிறேன். மணத்தி என்ற சிற்றூரிலிருந்து கணேசன் இந்தியக் கபடி அணிக்குப் போய் அர்ஜுனா விருது வாங்கினார் என்றால், அது எத்தனை தடைகளைத் தாண்டிய பயணம் என்பது இந்த வட்டாரத்துக்காரர்களுக்குத் தெரியும்.

அயர்லாந்தில் ஊருக்கு ஊர் திடலும் சங்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. வேர் பிடித்த மரத்தின் கிளைக்குத்தான் அவர்கள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நமக்கு இன்னும் வேருக்கே தண்ணீர் வரவில்லை. ஆகையால் அரசுப் பணம் முதலில் தென்காசியிலும் திருநெல்வேலியிலும் உள்ள ஊராட்சித் திடல்களுக்கு வரட்டும் என்பதே என் எண்ணம். தம்பியின் முழங்கால் காயம் எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. அதற்காக வரிசையை மாற்றச் சொல்ல என்னால் முடியவில்லை.

பதில் (துபாயில் கணக்காளர், மேலப்பாளையம்)

ஆசிரியர் ஐயா சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் நாம் கேட்கப்போவது விளையாட்டு நிதியிலிருந்து அல்ல என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்புவது, நிர்க்கதியாக நிற்பவருக்குத் தங்க இடமும் விமானச்சீட்டும் தருவது போன்றவற்றுக்கு அது பயன்படுகிறது. 2017-இல் விதிகளைத் திருத்தியபோது, துன்பத்தில் இருப்போருக்கு உதவி, சமூக நலப் பணிகள், தூதரகச் சேவை மேம்பாடு என மூன்று தலைப்புகளாக வகுத்தார்கள். அந்த நடுத்தலைப்புதான் நமக்கான வாசல் என்று நினைக்கிறேன். மாநில அளவில், 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த வெளிநாடுவாழ் தமிழர் நல வாரியமும் இருக்கிறது. அயர்லாந்து அரசு கேட்கும் கேள்வியையே நாமும் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு மனு எழுத வேண்டும்: இந்தத் திடலால் எத்தனை பேர் தனிமையிலிருந்து மீண்டார்கள், குடியிலிருந்து விலகினார்கள், விபத்து நேர்ந்தபோது யார் யாருக்கு முதலில் தகவல் போனது? ‘பாய் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் மனு விளையாட்டுத் துறைக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்து திரும்பி வரும்.

அடுத்தது பதிவு. இதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறோம். நான் இங்கே ஒரு கைப்பந்துக் குழுவுக்கு மூன்று ஆண்டுகள் கணக்கு எழுதினேன். பணம் ஒருவர் சட்டைப்பையில், ரசீது இன்னொருவர் வாட்ஸ்அப்பில் என்றே ஓடியது. உதவ முன்வந்த ஒரு நிறுவனம் வரவுசெலவுக் கணக்கைக் கேட்டபோது, எங்களால் ஒரு தாளைக்கூடக் காட்ட முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அமீரகத்தில் அனுமதியின்றி நன்கொடை திரட்டுவது சட்டப்படி குற்றம். சிங்கப்பூரில் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்பு என்றால் சங்கப் பதிவாளரிடம் பதிய வேண்டும். வேலை அனுமதியில் இருக்கும் பையன்கள் தனியாகச் சங்கம் தொடங்க அலைவதைவிட, ஏற்கெனவே பதிவான தமிழ்ச் சங்கம் ஒன்றின் விளையாட்டுப் பிரிவாகச் சேர்வது நல்லது. தங்கள் ஊர்க்காரர்கள் 1941-லேயே சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியவர்கள். எண்பது ஆண்டுக் கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் எப்படி எழுதுவது என்று சொல்லித் தருவார்கள்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு தம்பியிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கணக்குப் பற்றிச் சொன்னதும், இதுவரை யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதிய நோட்டு எதுவும் தங்களிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டான். இந்த ஞாயிறு ஆட்டத்துக்கு முன்பு இருபது பேரின் பெயரும், ஊரும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய வீட்டு எண்ணும் எழுதிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். சென்ற ஆண்டு சாரத்திலிருந்து விழுந்த பையனின் வீட்டு எண் தெரியாமல் இரண்டு நாள் தவித்ததை அப்போதுதான் என்னிடம் சொன்னான். மனுவில் அதையே முதலில் எழுதப் போகிறோம்.

ஆசிரியர் ஐயா, தாங்கள் சொன்ன வரிசையைத் தம்பியும் ஏற்றுக்கொண்டான். பாய் கிடைத்தால், ஊர் திரும்பும்போது அதை நம் பள்ளிக்கே கொடுத்துவிடலாமா என்று கேட்டான். அப்படிக் கொடுக்க விதி இடம் தருமா என்பதைக் கணக்காளர் அண்ணன் பார்த்துச் சொல்ல வேண்டும். மனுவின் முதல் படியை அடுத்த வாரம் இங்கே இடுகிறேன்.