லித்தியம் பேட்டரி போட்ட ஸ்விஃப்ட்: ஆறு நாள் நிறுத்தினால் செத்துவிடுகிறது, உதவி தேவை

வேளச்சேரி ஸ்விஃப்ட்:
வணக்கம். என்னுடையது 2012 பெட்ரோல் ஸ்விஃப்ட். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக், மற்ற நாளெல்லாம் ஆபீஸ், காய்கறி, மாமியார் வீடு. எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று போன மாசம் 35 ஆம்பியர் ஹவர் (சேமிப்பு அளவு) பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போட்டேன். ஸ்டிக்கரில் 20 ஆம்பியர் ஹவர் என்று இருக்கிறது. பழைய பேப்பர் கடைத் தராசில் பார்த்தேன்: பழசு 9.8 கிலோ, புதுசு 1.4. செல்ஃப் தொட்டதும் ஸ்டார்ட் ஆகும், அதில் குறையே இல்லை.

ஆறு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் ரிமோட்டுக்குக்கூட வண்டி அசையவில்லை. மீட்டரில் 0.4 வோல்ட். சார்ஜர் மாட்டினால் பேட்டரியே இல்லை என்கிறது. விற்றவரைக் கேட்டால் ‘ஆல்டர்னேட்டரைப் பாருங்க சார்’. ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற அதைக் கிளம்பும் முன்பே பார்த்தேன், 14.2 வோல்ட் சரியாக வருகிறது. பேட்டரி போச்சா?

அம்பத்தூர் வயரிங்:
போகல தம்பி. 0.4 காட்டுதுன்னா உள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட் கட் பண்ணிடுச்சு. சார்ஜருக்கு வோல்டேஜே தெரியலன்னா அது சார்ஜ் கொடுக்காது. உங்க பழைய பேட்டரியை ஜம்ப் கேபிள்ல பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் போட்டு சில செகண்ட் வைங்க, முழிச்சுக்கும். உடனே எடுத்துட்டு மீட்டர் வைங்க. 8 வோல்ட்டுக்குக் கீழ இருந்தா சார்ஜ் பண்ணாதீங்க, செல் கெட்டிருக்கும். 10, 11 இருந்தா லித்தியம் மோடுல போடுங்க. சல்ஃபேஷன் எடுக்கிற மோடு சில சார்ஜர்ல இருக்கும், அது லெட் ஆசிடுக்கு, அதாவது உங்க பழைய பேட்டரி வகைக்கு. இதுல தொடவே கூடாது.

ஜம்ப் பண்ணி ஸ்டார்ட் எடுத்து அப்படியே ஓட்டி ஏத்திக்கலாம்னு நினைக்காதீங்க. காலியான லித்தியம் ஆல்டர்னேட்டர்லேர்ந்து எவ்வளவு வந்தாலும் இழுத்துக்கும், ஆல்டர்னேட்டர் சூடாயிடும்.

கிலோ கணக்கு:
எனக்கு அந்த 1.4 கிலோதான் உறுத்துகிறது. நிஜமாகவே 20 ஆம்பியர் ஹவர் என்றால் அதன் பெயரளவு வோல்ட் 12.8 பெருக்கல் 20, அதாவது 256 வாட் ஹவர். ஸ்டார்ட்டிங்குக்குப் போடும் பாஸ்பேட் செல்லில் கிலோவுக்கு 100 வாட் ஹவர் சுமார் கிடைக்கும். பெட்டி, டெர்மினல் எல்லாம் சேர்த்து 1.4 கிலோவுக்குள் 256 அடங்காது. ஸ்டிக்கரில் 20க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘பி.பி. ஈ.கியூ.’ என்று இருக்கிறதா பாருங்கள். 20 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிடுக்குச் சமமாகச் செல்ஃப் எடுக்கும் என்று அர்த்தம். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், செல்ஃபுக்கு அது உண்மைதான். நிறுத்தி வைக்கும்போதுதான் வேஷம் கலையும். உள்ளே 7, 8 ஆம்பியர் ஹவருக்கு மேல் இருக்காது.

வேளச்சேரி ஸ்விஃப்ட்:
பி.பி. ஈ.கியூ. இருக்கிறது! அடியில் திருப்பினால் இன்னொரு ஸ்டிக்கர், அதில் 8. போன மாசமே திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

அம்பத்தூர் அண்ணா, முழித்துக்கொண்டது. 10.6 இருந்தது, சார்ஜில் போட்டிருக்கிறேன்.

அம்பத்தூர் வயரிங்:
அப்ப வண்டி நிக்கும்போது எவ்வளவு கரண்ட் லீக் ஆகுதுன்னும் பாத்துடுங்க. மைனஸ் கேபிளைக் கழட்டி நடுவுல மீட்டர், 10 ஆம்பியர் சாக்கெட்டுல. பானெட் லாக்கை ஸ்க்ரூடிரைவரால மூடி விடுங்க, திறந்திருக்குன்னு வண்டி நினைக்கக் கூடாது. லாக் பண்ணிட்டு அரை மணி நேரம் விடுங்க, ஈ.சி.யூ., அதான் வண்டியோட கம்ப்யூட்டர், தூங்கணும். அதுக்கு முன்னாடி வர்ற ரீடிங்கை நம்பாதீங்க. மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிச்சிடாதீங்க, மீட்டர் காலி. அப்புறம் ஒவ்வொரு ஃபியூஸா உருவுங்க.

வேளச்சேரி ஸ்விஃப்ட்:
பார்த்துவிட்டேன். 70 மில்லி ஆம்பியர். ஃபியூஸ் ஃபியூஸாக உருவியதில் டேஷ் கேமரா மாட்டிக்கொண்டது, பார்க்கிங் மோடில் ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறது. அதை எடுத்தால் 25.

கிலோ கணக்கு:
கணக்கு சரியாக வருகிறது. 70 மில்லி என்றால் நாளுக்கு 1.68 ஆம்பியர் ஹவர். 8ஐ வகுத்தால் அஞ்சு நாள்கூடத் தாங்காது. நீங்கள் போனது ஆறு நாள். கேமரா இல்லாவிட்டால் நாளுக்கு 0.6, பாதி மிச்சம் வைத்துச் செல்ஃப் எடுக்க ஆறேழு நாள்.

இன்னொன்று, மீட்டரில் 12.8 பார்த்தால் ‘ஃபுல்’ என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். லெட் ஆசிடுக்குத்தான் அது ஃபுல். பாஸ்பேட்டில் 13.3 பக்கம் இருந்தால்தான் நிறைந்தது, 12.8 என்றால் கிட்டத்தட்ட அடி தட்டியாச்சு.

கேட்காத யோசனையும் ஒன்று: 8.4 கிலோவுக்கு இவ்வளவு பாடா? உங்கள் வண்டி டேங்க் 42 லிட்டர். பாதியோடு டிராக்குக்குப் போனாலே பதினைந்து கிலோ குறையும். ஸ்டெப்னியை வீட்டில் இறக்கினால் அது பேட்டரியைவிடக் கனம். முன்சக்கர வண்டியில் மூக்கு லேசாவது திரும்பும்போது நல்லது, அதை மறுக்கவில்லை. 2009ல் போர்ஷே 911 ஜி.டி.3க்கு லித்தியம் பேட்டரியை அறிவித்தபோதுகூடக் குளிர்காலத்துக்கென்று சாதா பேட்டரி ஒன்றையும் சேர்த்தே கொடுத்தார்கள். நமக்குக் குளிர் கவலை இல்லை. ஆனால் கத்திரி வெயிலில் இன்ஜின் பக்கத்து வெக்கை இருக்கிறதே, லித்தியத்துக்கு அது ஆகாது.

அம்பத்தூர் வயரிங்:
அதே. அந்த பக்கம் ஒரு ஹீட் ஷீல்டு தகடு வைங்க. புதுப்பேட்டையில தேடினா பழைய வண்டித் தகடே கிடைக்கும்.

வேளச்சேரி ஸ்விஃப்ட்:
நேற்று ராத்திரி சார்ஜரைக் கழற்றினேன், காலையில் 13.3. பழைய 35ஐத் திரும்ப வண்டியில் மாட்டிவிட்டேன், லித்தியம் அலமாரியில். டிராக் நாளன்று காலையில் மாற்றிக்கொள்வேன், பத்து நிமிஷ வேலை. டேஷ் கேமராவைச் சாவி போட்டால் மட்டும் ஓடுகிற ஃபியூஸுக்கு மாற்ற வேண்டும். அண்ணா, 2012 மாடலில் அந்த ஃபியூஸ் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற பெட்டியில்தானே?

அம்பத்தூர் வயரிங்:
அதுலதான். சிகரெட் லைட்டர் ஃபியூஸ்லேர்ந்து கனெக்‌ஷன் எடுங்க. சாவி எடுத்தா அணையுதான்னு டெஸ்ட் லைட் வெச்சுப் பாத்துட்டு மாட்டுங்க.